நெட் மீட்டர் வரும்வரை சோலாரை ஓடவிடாதீர்கள்: பட்டுக்கோட்டையிலிருந்து ஓர் அனுபவம்

மொட்டை மாடியில் சோலார் போட நினைப்பவர்களுக்காக, அதிலும் என்னைப் போல் வீட்டு வேலை, ஈ.பி. ஆபீஸ், வங்கி எல்லாவற்றையும் தனி ஆளாகப் பார்க்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். இங்கே பட்டுக்கோட்டையில் நானும் மாமியாரும், கல்லூரியில் படிக்கும் மகளும். இப்போது எங்கள் வீட்டில் 3 கிலோவாட் சோலார் நன்றாக ஓடுகிறது, கரன்ட் பில்லும் அடங்கிவிட்டது. ஆனால் சோலார் போட்ட பிறகு வந்த முதல் பில், போடுவதற்கு முன்பு வந்த எந்தப் பில்லையும்விட அதிகம். காரணம், லைனிலிருந்து நாம் எடுப்பதையும் லைனுக்கு நாம் அனுப்புவதையும் தனித்தனியாக எண்ணும் நெட் மீட்டர் வருவதற்கு முன்பே சோலாரை ஓடவிட்டதுதான். அந்த ஒன்றை மட்டும் முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் எட்டாயிரம் ரூபாய் பில்லும் வந்திருக்காது, பல நாள் தூக்கமும் கெட்டிருக்காது.

பில் ஏறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமியார் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து படுக்கையில் ஆன பிறகு அந்த அறையில் ஏ.சி. இல்லாமல் முடியவில்லை. படுக்கைப் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை, அதற்கு இரவும் பகலும் ஓடும் சின்ன மோட்டார், தினமும் துவைக்க வேண்டிய துணி, அதற்காகக் கூடுதலாக ஓடும் போர் மோட்டார். இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் சுற்றிக்கொண்டிருந்த வீடு கோடையில் 900 யூனிட்டைத் தொட்டது. யூனிட் இரண்டு மடங்கானால் பில்லும் இரண்டு மடங்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எங்களுக்குப் பில் வந்த 2025-இல் இருந்த முறைப்படி, தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம், அது சரி. ஆனால் 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குச் சலுகை விலை உண்டு. 500-ஐத் தாண்டிய நிமிடமே அந்தச் சலுகை போய்விடும், மேலே ஒவ்வொரு படிக்கும் விலை ஏறும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். கூடுதலான பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 600-க்கு மேல் யூனிட் 9 ரூபாய், 800-க்கு மேல் 10, ஆயிரத்துக்கு மேல் 11. அதன் மேல் 2024 ஜூலையில் இன்னொரு 4.83 சதவீதம் ஏற்றினார்கள். 900 யூனிட் ஓடிய எங்களுக்குக் கோடை பில் 5,800 ரூபாய் வந்தது.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, நாம் மிச்சம் பிடிக்கும் யூனிட் எப்போதும் மேல்படியிலிருந்துதான் குறையும் என்பது. 900 யூனிட் ஓடும் வீட்டில் ஒரு யூனிட் குறைந்தால் மிச்சம் பத்து ரூபாய்க்கு மேல். 300 யூனிட் ஓடும் வீட்டில் அதே ஒரு யூனிட்டுக்கு அதில் பாதிகூடத் தேறாது. அதனால் 400 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகள் சோலாருக்கு அவசரப்படவே வேண்டாம் என்பது என் கருத்து. விற்க வருபவர் எவ்வளவு அழகாகக் கணக்குப் போட்டுக் காட்டினாலும் உங்கள் வெள்ளை அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வருஷத்து ஆறு ரீடிங்கையும் நீங்களே கூட்டிப் பாருங்கள்.

சோலாருக்கு முன்னால் நான் செய்த இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். போட்ட காசுக்கு மிக வேகமாகப் பலன் தந்தது அதுதான். வீட்டிலிருந்த நான்கு பழைய சீலிங் ஃபேனையும் குறைந்த கரன்ட் இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், புதியது முழு வேகத்திலும் 30 வாட் பக்கம்தான். படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டில் ஃபேன் நிற்பதே இல்லை. ஒரு ஃபேன் தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம், நான்குக்கும் சேர்த்து 160. ஒவ்வொன்றும் மூவாயிரம் ரூபாய் ஆனது. ஏ.சி.யை 26-இல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டோம். ஒவ்வொரு டிகிரி உயர்த்துவதற்கும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. மாமியாருக்கும் 22-இன் குளிர் ஆகவில்லை, 26-இல்தான் நன்றாகத் தூங்கினார். இதையெல்லாம் செய்துவிட்டு ஒரு பில்லைப் பார்த்துவிட்டு, அப்புறம் எத்தனை கிலோவாட் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். எனக்கு முதலில் 5 கிலோவாட் போடச் சொன்னார்கள். எங்களுக்கு 3 போதும்.

மூன்று என்று நின்றதற்கு மானியமும் ஒரு காரணம். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் அதே 78,000 தான். ஒரு கிலோவாட் நம் ஊர் வெயிலுக்குச் சராசரியாகத் தினம் நான்கு யூனிட் தரும், நிழல் விழாத நூறு சதுர அடி இடம் வேண்டும். மூன்று கிலோவாட் என்றால் தினம் 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் பக்கம்.

விலை கேட்டபோதுதான் தலை சுற்றியது. அதே 3 கிலோவாட்டுக்கு ஒருவர் 1,65,000 என்றார், இன்னொருவர் 2,40,000 என்றார். விசாரித்ததில் வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது. மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் தயாரானதாக இருக்க வேண்டும், டி.சி.ஆர். பேனல் என்பார்கள். வெளிநாட்டுச் செல் போட்ட பேனல் விலை குறைவு, ஆனால் அதைப் போட்டால் மானியம் கிடையாது. குறைந்த விலை சொன்னவரிடம் "டி.சி.ஆர். சான்றிதழ் தருவீர்களா?" என்று கேட்டேன், அதற்கப்புறம் அவர் போனே எடுக்கவில்லை. பேனல் மாடிக்கு ஏறும் முன்பே ஒவ்வொன்றின் பின்னாலும் இருக்கும் வரிசை எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பில்லில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். இன்னொன்று, எர்த்திங். பேனல் பக்கத்துக்கு ஒன்று, பேனல் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று என்று மூன்று குழி வேண்டும். விலையைக் குறைப்பவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான். நான் 2,05,000-க்கு முடித்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனலுக்கு ஜி.எஸ்.டி. 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, அதனால் இப்போது கேட்பவர்கள் என் விலையை அப்படியே ஒப்பிட வேண்டாம்.

அடுத்தது பெயர். எங்கள் வீட்டு மின் இணைப்பு மாமனார் பெயரில் இருந்தது, அவர் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. பில் கட்டுவதற்கு யார் பெயரில் இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். சோலார் விண்ணப்பம் என்று வந்ததும் எல்லாம் நின்றுபோனது. மின் இணைப்பு, ஆதார், மானியம் வர வேண்டிய வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே ஆள், ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் என்று கேட்டார்கள். மன்னார்குடியில் இருக்கும் நாத்தனார் உடனே வந்து கையெழுத்துப் போட்டார். கொழுந்தனாருக்கு வீட்டை எழுதி வாங்கப் பார்க்கிறோமோ என்று சந்தேகம். அது கரன்ட் இணைப்புக்கு மட்டும்தான், சொத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கணவர் சிங்கப்பூரிலிருந்து பேசிப் புரியவைக்கச் சில வாரங்கள் ஆயின. அந்த நாட்களில் நான் அழுததுண்டு. நோயாளியைப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்காகவே அலைந்துகொண்டு, அதற்கும் சந்தேகப் பேச்சு கேட்பது சின்ன விஷயமில்லை. சோலார் போடும் எண்ணம் ஒரு ஓரத்தில் இருந்தாலே போதும், பெயர் மாற்றத்தை இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்படியே அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய இணைப்பு என்பதால் எங்களுக்குக் குறைவாக இருந்தது, மூன்று கிலோவாட்டாக உயர்த்தினோம். வீட்டுச் சோலார் 10 கிலோவாட் வரை இருந்தால் விண்ணப்பத்தின்போது செய்யும் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியிருக்கிறது. அதைக் காரணம் காட்டி யாராவது தாமதப்படுத்தினால் எடுத்துச் சொல்லலாம்.

பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சர் விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பக்கம் என்ன செய்தது என்று கண்ணால் பார்த்தவள். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய காற்றில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன, மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன, வாரக்கணக்கில் இருட்டில் இருந்தோம். கம்பெனிக்காரர் பத்தடி உயரத்தில் போட்டால் கீழே துணி காயப்போடலாம், வடகம் பிழியலாம் என்றார். உயரம் ஏற ஏறக் காற்று பிடிக்கும். நான் தாழ்வாகவே போடச் சொன்னேன். தெற்குப் பார்த்து, பத்து பன்னிரண்டு டிகிரி சாய்வு எங்கள் ஊருக்குப் போதும். தளத்தில் துளைபோட்டு போல்ட் இறக்கப் பார்த்தார்கள், மழையில் ஒழுகும் என்பதால் தளத்தின் மேலேயே கான்கிரீட் கட்டைகள் கட்டி அதில் கால்களைப் பதிக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுத் தென்னை நிழல் மாலை மூன்று மணிக்கு மாடியின் மேற்கு மூலைக்கு வரும். பேனல்களை ஒரே வரிசையாக இணைத்திருப்பதால் ஒன்றின் மேல் ஓலை நிழல் விழுந்தாலும் மற்றவையும் சேர்ந்து இறங்கும். அதனால் அந்த மூலையையே விட்டுவிட்டோம். காலை ஒன்பது, பகல் ஒன்று, மாலை நான்கு என மூன்று வேளை மாடிக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள், அது போதும்.

கஜாவைச் சொன்னதால் இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சோலார் போட்டால் கரன்ட் போனாலும் வீட்டில் வெளிச்சம் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மானியத்தில் பெரும்பாலும் போடப்படும், மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் சோலார், லைனில் கரன்ட் போனதும் தானும் நின்றுவிடும். உச்சி வெயிலாக இருந்தாலும் நிற்கும். அது பழுது அல்ல. லைனில் வேலை பார்க்கும் ஊழியர் மேல் நம் வீட்டு மின்சாரம் பாயக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. கரன்ட் போகும்போதும் வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைபிரிட் போட வேண்டும், செலவு நிறையக் கூடும், மானியம் பேட்டரிக்குக் கிடையாது. காற்று மெத்தை நிற்கக்கூடாது என்பதற்காக எங்களிடம் ஏற்கெனவே இருந்த சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரியையே வைத்துக்கொண்டோம்.

இனி அந்தப் பில்லுக்கு வருகிறேன். 2025 மார்ச்சில் பேனல் ஏறியது. நெட் மீட்டருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, மீட்டர் இருப்பு இல்லை, வந்ததும் மாட்டுவோம் என்றார்கள். இன்வெர்ட்டரை ஓட்டிச் சரிபார்க்க வந்த பையன், "ஓடட்டும்க்கா, பகல்ல நீங்க யூஸ் பண்றது வரைக்கும் மிச்சம்தானே. நெட் மீட்டர் வந்தப்புறம் மீதியும் கணக்குல வந்துரும்" என்று சொல்லி, ஓடவிட்டுவிட்டே போனான். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. மொபைலில் தினமும் 12 யூனிட், 13 யூனிட் என்று பார்க்கும்போது மனசுக்கு நிறைவாகவும் இருந்தது. மே கடைசியில் ரீடிங் எடுக்க வந்தவர் அட்டையில் எழுதிவிட்டு, "என்னம்மா, சோலார் போட்டும் இவ்வளவு ஏறியிருக்கு?" என்றார். 1,140 யூனிட். 8,400 ரூபாய்க்கு மேல். வங்கிக் கடனின் முதல் தவணையும் அதே வாரம். அன்று இரவு கணவரிடம் போனில் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் தெருவில் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் மறுநாள் நண்பகலில் வந்து பார்த்தார். சோலாரை ஓடவிட்டுவிட்டு, வீட்டில் ஃபேன், ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு சிமிட்டுமே, அதைப் பாருங்கள் என்றார். வீட்டில் ஒன்றுமே ஓடவில்லை, ஆனால் விளக்கு படபடவென்று சிமிட்டியது, ரீடிங்கும் ஏறியது. சோலாரின் சுவிட்சை இறக்கினார். விளக்கு நின்றுவிட்டது. மீட்டரைத் தலைகீழாக இணைத்து மின்சாரம் திருடுவதைத் தடுப்பதற்காக, மின்சாரம் எந்தப் பக்கம் பாய்ந்தாலும் செலவு என்றே எண்ணும்படி பல மீட்டர்களைச் செய்திருக்கிறார்களாம். நாங்கள் லைனுக்கு அனுப்பிய ஒவ்வொரு யூனிட்டும் நாங்கள் செலவழித்ததாக எழுதப்பட்டிருக்கிறது, அதுவும் மேல்படி விலையில். பகலில் வீட்டுக்குப் போக மீதி எட்டு யூனிட்டாவது தினமும் வெளியே போயிருக்கும். சோலாரே போடாமல் இருந்திருந்தால் பில் 5,800-க்கு மேல் போயிருக்காது. நெட் மீட்டரோடு ஓடியிருந்தால் சில நூறு ரூபாயோடு முடிந்திருக்கும்.

அதனால் நெட் மீட்டர் மாட்டி, அது இறக்குமதி, ஏற்றுமதி இரண்டையும் தனித்தனியாகக் காட்டுவதைக் கண்ணால் பார்க்கும்வரை இன்வெர்ட்டர் சுவிட்சை இறக்கியே வையுங்கள். சோதனைக்கு ஓட்டுகிறேன் என்றால் பக்கத்தில் நின்று, முடிந்ததும் இறக்கச் சொல்லுங்கள். கம்பெனிக்குக் கடைசித் தவணையாக ஒரு நல்ல தொகையைக் கையில் வைத்துக்கொண்டு, நெட் மீட்டர் மாட்டிய பிறகே தருவேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். நான் 90 சதவீதம் கொடுத்து முடித்திருந்த நிலையில் மீட்டருக்காக அலைந்தது நான் மட்டும்தான். மானியமும் மீட்டர் மாட்டி, அதிகாரி வந்து பார்த்து, இணையத்தில் பதிவான பிறகுதான் வரும். மீட்டர் தாமதமானால் மானியமும் தாமதம், அதுவரை முழுக் கடனுக்கும் வட்டி. மூன்று கிலோவாட் வரை ஈடு இல்லாமல் 2 லட்சம்வரை வங்கிகள் தருகின்றன, வட்டியும் குறைவுதான். இருந்தாலும் மானியம் வரும்வரை முழுத் தவணையும் நம் கைக்காசில்தான் என்று வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

பில் வந்த அன்றே சோலாரை நிறுத்தினோம். வெயில் கொளுத்தும் ஜூனில் ஆறு பேனலும் சும்மா மாடியில் கிடந்ததைப் பார்க்க வயிறு எரிந்தது. ஜூலை தொடக்கத்தில் மீட்டர் வந்தது. அதற்கடுத்த மாதம் 78,000 கணக்கில் ஏறியது. இப்போது பில் 200, 300 ரூபாயைத் தாண்டுவதில்லை. மழைக்காலத்தில் கொஞ்சம் ஏறும், நவம்பர், டிசம்பரில் உற்பத்தி இறங்கிவிடும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் நன்றாக ஓடும் காலம். சூடு ஏறினால் பேனலின் திறன் குறையும், மே மாதம்தான் உச்சம் என்று நினைக்க வேண்டாம். துடைப்பதற்கு அதிகாலை அல்லது பொழுது சாய்ந்த பிறகு. சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக்கூடாது, உப்பு அதிகமான போர்த் தண்ணீர் கறை பிடித்துவிடும். நாங்கள் மாடித் தொட்டியில் பிடித்த மழைத் தண்ணீரை இதற்கென்றே வைத்திருக்கிறோம். நண்பகலில் மட்டும் இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று ஓடினால் லைன் வோல்டேஜ் கூடுதலாக இருக்கலாம். மொபைல் செயலியில் அந்த எண்ணைப் படம் எடுத்துப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.

அந்த 8,400 ரூபாயை இணைப்பைத் துண்டித்துவிடுவார்களோ என்ற பயத்தில் கட்டிவிட்டேன், ஆனால் விடவில்லை. இன்வெர்ட்டர் செயலியில் இருந்து அந்த இரண்டு மாதத்தின் தினசரி உற்பத்திக் கணக்கு, முந்தைய வருஷக் கோடை ரீடிங், நெட் மீட்டருக்கு விண்ணப்பித்த தேதி உள்ள ரசீது மூன்றையும் இணைத்து, பில்லைத் திருத்தித் தரும்படி உதவிப் பொறியாளருக்கு எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். அனுமதிக்கு முன்பே ஓடவிட்டது உங்கள் கம்பெனிதானே என்று அங்கே கேட்கிறார்கள், மீட்டர் இருப்பு வைக்காதது அவர்கள்தானே என்று கம்பெனி சொல்கிறது. ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது, அங்கேயும் தீராவிட்டால் மின்குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வக்கீல் தேவையில்லை, நாமே மனு எழுதலாம். தஞ்சாவூர் மன்றத்துக்கான மனுவை எழுதி முடித்துவிட்டேன், மகள் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள்.